தரமணியில் இரண்டு நிறுவனங்கள், அவற்றுக்குப் பின்னால் இரண்டு பள்ளிக்கூடங்கள்



போன இதழில் தாம்பரம் ஏரிகளைப் பற்றி எழுதியவர் "அடுத்த முறை நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றி யாராவது எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் நம் ஊரை விட்டுச் சற்றுத் தள்ளித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் பிளாக்குகளில் இருந்து தினமும் பலர் வேளச்சேரி வழியாகத் தரமணிக்கு வேலைக்குப் போகிறீர்கள். டைடல் பார்க்கும் அதைச் சுற்றியுள்ள கம்பெனிகளும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே தரமணியில் வேறு இரண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. ஒன்று உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், 1970ல் தோன்றியது. இன்னொன்று எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1988ல் தோன்றியது. ஒன்றில் தமிழுக்கு வேலை நடக்கிறது, மற்றதில் பயிருக்கும் உழவருக்கும். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் முதலாவதற்கு வழி திறந்தவரும் இரண்டாவதைத் தொடங்கியவரும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படித்தவர்கள். ஒருவர் பாதிரியார் ஆனார். மற்றவர் கும்பகோணத்து இந்துக் குடும்பத்துப் பிள்ளை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1937ல் தாம்பரத்துக்கு வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி கத்தோலிக்க மரபைச் சேர்ந்தது அல்ல. அது ஸ்காட்லாந்து மிஷனரிகள் தொடங்கியது. அதன் கதை தனியாக ஒரு இதழுக்கு வரும்.

யாழ்ப்பாணத்துப் பையன்

தனிநாயகம் அடிகள் 1913ல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைத் தீவுப் பகுதியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சேவியர். தனிநாயகம் என்ற பெயரைப் பின்னாளில் அவரே சேர்த்துக்கொண்டார். ஊரில் இருந்த புனித அந்தோனியார் பள்ளியில் தொடங்கி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது பள்ளிக்கூடம்தான். 1850ல் தொடங்கப்பட்டு, அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களால் நடத்தப்பட்டது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். லத்தீனும் உண்டு.

அங்கிருந்து கொழும்பில் குருமடம், பிறகு ரோமாபுரி. 1938ல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். இத்தாலியன், பிரெஞ்சு, போர்த்துகீசியம், ஸ்பானிஷ் எல்லாம் அவருக்குப் பழகியிருந்தன. தாய்மொழியில்தான் ஆழமான படிப்பு இல்லை. அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகள் செய்த வேலை அது. இன்று நம் குடியிருப்பில் லிஃப்ட்டில் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று தெரியும்.

வடக்கன்குளம்

1940ல் அவர் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்தார். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம் புனித தெரசா உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் வேலை. நம் பிளாக்குகளில் நெல்லை, குமரி மாவட்டத்துக்காரர்கள் நிறைய உண்டு. உங்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக இரண்டு செய்திகள்.

முதலாவது: 2022ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டனாக இருந்து 1745ல் ஞானஸ்நானம் பெற்றது இந்த ஊரில்தான்.

இரண்டாவது கசப்பானது. 1872ல் இங்கே கட்டி முடித்த கோவில் இரண்டு கூடங்கள் பிரிந்து போய்ப் பீடத்தில் சேரும்படி அமைந்தது. ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர்கள் இன்னொன்றில். ஒரே கடவுளைக் கும்பிட இரண்டு பக்கம். 1910ல் பாதிரிமார்கள் அந்தத் தடுப்பை எடுத்தார்கள். அதை எதிர்த்துச் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட பள்ளிகள் தேவலோகத்தில் நடக்கவில்லை. நம்மைப் போன்ற மனிதர்களுக்கு நடுவே, அவர்களுடைய எல்லாக் குறைகளோடும் சேர்ந்துதான் நடந்தன.

அந்த ஊர்ப் பள்ளிக்கு வந்த ரோமாபுரிப் பட்டதாரிக்கு ஒரு சங்கடம். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும் நடுவே நிற்கிறார். சொந்த மொழியின் இலக்கியம் கைவசம் இல்லை. சமாளித்துவிட்டுப் போயிருக்கலாம். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பொதுவாக அதைத்தான் செய்வோம். அவர் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்பவரிடம் மாணவராக உட்கார்ந்தார். கத்தோலிக்கப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர், வயது முப்பதை நெருங்குகிறது, ஐயரிடம் சங்க இலக்கியம் பாடம் கேட்கிறார். நான்கைந்து ஆண்டுகள் அப்படிப் போயின.

பிறகு நடந்தவை வேகமானவை. 1945ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. சேர்ந்தார். தொடர்ந்து சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆராய்ச்சிப் பட்டம். 1948ல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம். 1952ல் "தமிழ் கல்ச்சர்" என்ற ஆங்கில இதழ், நம் மடலைப் போலவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தமிழ் தெரியாத உலகத்து அறிஞர்களுக்குத் தமிழைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அது. 1679ல் அச்சான தமிழ் போர்த்துகீசிய அகராதியின் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதைத் தேடியெடுத்து 1966ல் மறுபடி வெளிவரச் செய்தார். பத்திரிசியார் கல்லூரியும் ரோமாபுரியும் கொடுத்த மொழிகள் இங்கேதான் வேலைக்கு வந்தன.

1964ல் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு கூடியபோது, அங்கே வந்திருந்தவர்களைக் கூட்டி உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் அமைத்தவர்களில் முதன்மையானவர் இவர். அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1966ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. 1968ல் சென்னையில் இரண்டாவது. மெரினாவில் வரிசையாக நிற்கும் தமிழறிஞர் சிலைகள் அந்த மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்டவை. தரமணி நிறுவனமும் அந்த மாநாட்டின் தொடர்ச்சிதான். அடிகள் 1980ல் காலமானார்.

கும்பகோணத்துப் பையன்

இரண்டாமவர் எம்.எஸ். சுவாமிநாதன். 1925ல் கும்பகோணத்தில் பிறந்தார். தந்தை டாக்டர் சாம்பசிவன், அறுவைச் சிகிச்சை நிபுணர், காந்தியவாதி. கும்பகோணத்தில் யானைக்கால் நோயைப் பரப்பிய கொசுக்களை ஒழிக்க ஊர் மக்களையே திரட்டி வேலை செய்தவர். மகனுக்கு 11 வயதாகும்போது தந்தை இறந்துவிட்டார். தந்தையின் சகோதரர் பொறுப்பேற்று வளர்த்தார். பையன் கும்பகோணம் நேட்டிவ் உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு அங்குள்ள லிட்டில் ஃபிளவர் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியிலும் படித்து, 15 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்தார்.

லிட்டில் ஃபிளவர், அதாவது சிறுமலர், என்பது பிரான்ஸ் நாட்டு லிசியே நகரத்துப் புனித தெரேசாவைக் குறிக்கும். மடத்தை விட்டு வெளியே போகாமல் 24 வயதில் இறந்துபோன பெண். பெரிய காரியம் எதுவும் செய்யவில்லை. சின்னச் சின்ன வேலைகளை அன்போடு செய்தால் போதும் என்பதுதான் அவர் வழி. அவரைப் புனிதராக அறிவித்ததும் 1925ல்தான், சுவாமிநாதன் பிறந்த அதே ஆண்டு. ஒரு பள்ளிக்கு வைக்க நல்ல பெயர்.

பையன் டாக்டராக வேண்டும் என்பது வீட்டின் எண்ணம். 1943ல் வங்காளப் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் சோறில்லாமல் மடிந்த செய்தி அவரை விவசாயப் படிப்புக்குத் திருப்பியது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு ஐ.பி.எஸ். தேர்விலும் தேறினார். அதே சமயம் நெதர்லாந்தில் ஆராய்ச்சி செய்ய வாய்ப்பு வந்தது. போலீஸ் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போனார். 1952ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். அமெரிக்காவில் ஒரு காலம் வேலை. அங்கேயே தங்கியிருக்கலாம். 1954ல் திரும்பி வந்தார்.

1960களில் குட்டைக் கோதுமை வந்தது, 1968ல் அரசு "கோதுமைப் புரட்சி" தபால் தலை வெளியிட்டது எல்லாம் நீங்கள் அறிந்தது. அதே 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில், மண்ணையும் நீரையும் கவனிக்காமல் மருந்தும் உரமும் கொட்டினால் கேடு வரும் என்று எச்சரித்தவரும் அவரே. பசுமைப் புரட்சியைக் குறை சொல்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. அந்தக் குறைகளைப் பற்றி முன்கூட்டியே பேசியவர்களில் அவரும் உண்டு.

என் பங்குக்கு ஒன்று. 1980களில் தஞ்சைப் பக்கத்துக் கிளையில் கிளார்க்காக இருந்தேன். பயிர்க்கடன் விண்ணப்பத்தில் "ஐ.ஆர். 20", "ஏ.டி.டி. 36" என்று நெல் ரகத்தை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஐ.ஆர். என்பது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அடையாளம். 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநர் சுவாமிநாதன்தான். 1987ல் உலக உணவுப் பரிசு முதன்முதலாக அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு தொடங்கியதே தரமணி நிறுவனம். பிச்சாவரம் அலையாத்திக் காடுகளைப் பேணுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. உழவர் விளைபொருளுக்குச் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதமாவது சேர்த்துக் குறைந்தபட்ச விலை தர வேண்டும் என்று பரிந்துரைத்த தேசிய உழவர் ஆணையத்துக்கும் அவரே தலைவர். 2023 செப்டம்பரில் சென்னையில் காலமானார். மறு ஆண்டு பாரத ரத்னா.

பள்ளிக்கூடம் என்ன செய்தது?

"இதில் பள்ளிக்கு என்ன பங்கு? ஒருவர் பாதிரியார் ஆனவர், மற்றவர் காந்தியவாதியின் மகன். எங்கே படித்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பார்கள்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே பெஞ்சில் உட்கார்ந்த எத்தனையோ பேர் வேலை, வீடு, ஓய்வூதியம் என்று என்னைப் போல் வாழ்ந்து முடித்திருப்பார்கள். பள்ளிக்கூடம் தொழிற்சாலை அல்ல.

இருந்தாலும் இரண்டு விஷயம் தோன்றுகிறது. முதலாவது, அங்கே பாடம் சொன்னவர்களின் வாழ்க்கை. குருக்களும் சகோதரர்களும் கன்னியர்களும் பள்ளி வளாகத்திலேயே குடியிருப்பவர்கள். குடும்பம் கிடையாது, சம்பளத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்வதும் கிடையாது. "பிறருக்கு உதவு" என்று கரும்பலகையில் எழுதுவது எளிது. அதையே பிழைப்பாகக் கொண்ட மனிதரைக் காலை மாலை பார்த்துக்கொண்டே வளர்வது வேறு. வீட்டில் சாம்பசிவன் போல ஒரு தந்தை இருந்து, பள்ளியிலும் அதே பேச்சு கேட்டால் அந்தப் பிள்ளைக்கு அது வழக்கமாகிவிடும். பிற மதப் பிள்ளைகளை ஞானோபதேச வகுப்பில் உட்கார வைக்காமல் நன்னெறி வகுப்புக்கு அனுப்பும் பழக்கமும் அங்கே உண்டு. நம்மில் பலர் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான்.

இரண்டாவது, தேவைப்பட்டால் மறுபடி மாணவனாக உட்காரும் பழக்கம். தனிநாயகம் முப்பது வயதில் தமிழ் படித்தார். சுவாமிநாதன் மருத்துவத்தை விட்டு மண்ணைப் படித்தார். இரண்டு பேரும் தமக்கு எது வரும் என்று பார்க்கவில்லை, எது தேவை என்று பார்த்தார்கள். என் கணக்கில் சேவை என்பது இதுதான்.

நான் படித்ததும் அப்படி ஒரு பள்ளிதான். தலைமையாசிரியராக இருந்த பிரதர் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், "இந்த மாசம் யாருக்கு என்னப்பா செஞ்ச?" என்று கேட்பார். கணக்கில் 90 வாங்கியவனுக்கும் அதே கேள்வி, 30 வாங்கியவனுக்கும் அதே கேள்வி. பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவாவது பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கடிதம் படித்துக் காட்டுவோம், ரேஷன் கடையில் வரிசையில் நிற்போம். பதிலைக் கேட்ட பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

இப்போது பரங்கிமலை, பல்லாவரம் தொடங்கித் தாம்பரம் தாண்டி வரை கான்வென்ட்டுகளுக்குக் குறைவில்லை. மற்றப் பள்ளிகளும் எத்தனையோ. சேர்க்கைக் காலத்தில் நாம் கேட்கும் கேள்விகள்: தேர்ச்சி எத்தனை சதவீதம், நீட் கோச்சிங் உண்டா, பஸ் நம் கேட் வரை வருமா. எல்லாம் கேட்க வேண்டியவைதான். கூடவே, "இங்கே பிள்ளைகள் பிறருக்காக என்ன செய்கிறார்கள்?" என்றும் ஒன்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்காவிட்டால் எந்த மதத்தார் நடத்தும் பள்ளியும் மெல்ல அதை மறந்துவிடும்.

கடைசியாக, நம் வீட்டுக்கு அருகே ஒரு வேலை இருக்கிறது. நம் காவலாளிகள், வீட்டுப் பணியாளர்களின் பிள்ளைகள் சிலர் ஒன்பது, பத்தாம் வகுப்பு படிக்கிறார்கள். மாலை ஆறு முதல் ஏழரை வரை சங்க ஹால் காலியாகத்தான் கிடக்கிறது. கணக்கும் வணிகவியலும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் ஆள் வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் நம் பிள்ளைகள் வந்தால் இன்னும் நல்லது. விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் பெயரை எழுதுங்கள். நான்கு பெயர் சேர்ந்தால் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை தொடங்கிவிடலாம்.