கந்தரோடை என்னும் சிற்றூர்



சுன்னாகத்தை அடுத்துக் கந்தரோடை என்றொரு சிற்றூர் இருக்கிறது. பனங்கூடல், செம்மண் தோட்டங்கள், ஒரு குளம், அதனோடு சேர்ந்த வயல்வெளி. இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது. மாரியில் மட்டும் ஓடுகின்ற வழுக்கியாறு இவ்வூர்ப் பக்கமாகவே அராலிக் கடலை நோக்கிப் போகிறது. குடாநாட்டில் ஆறே இல்லை என்று படித்தவர்களுக்கு இது வியப்பாயிருக்கும். ஆதி மனிதர் இங்கே குடியேறியதற்கு இந்த நீரும் வயலுமே காரணம் என்று கொள்ளலாம்.

1917ஆம் ஆண்டளவில் போல் ஈ. பீரிஸ் என்ற வரலாற்றாசிரியர் இங்கு ஆய்வு செய்தார். பழைய இலங்கை நாணயங்களோடு இந்திய முத்திரை நாணயங்களும் றோமன் நாணயங்களும் மணிகளும் கிடைத்தன. கூடவே, சுண்ணக்கற்களால் ஆன பௌத்தத் தூபிகள் ஒரு கூட்டமாக வெளிப்பட்டன. அநுராதபுரத்துத் தாதுகோபங்களின் பக்கத்தில் வைத்தால் இவை குழந்தைகள். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் அகழ்ந்தபோது, தூபிகளுக்கும் முந்திய காலத்துக் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் வெளிவந்தன. தமிழகத்தின் பெருங்கற்காலப் பண்பாட்டுக்கு உரியவையும் இத்தகைய பாண்டங்களே. பத்தாண்டுகளின் பின், 1980இல், ஆனைக்கோட்டை ஈமக்குழியில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்ததும் இதே வரலாற்றின் மறுபக்கம்.

முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட ஆங்கில நூலில், யாழ்ப்பாண வைபவமாலை கூறும் கதிரமலை இவ்வூரே என்றார். சிங்களத்தில் இதனைக் கதுருகொட என்பர். ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பவர்கள் இரு பக்கத்திலும் உளர். தமிழாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: சொல்லாராய்ச்சி ஓர் ஊன்றுகோல், அதைக் காணி உறுதியாக்கக் கூடாது.

இனி என் குற்றத்தையும் சொல்லவேண்டும். கந்தபுராணக் கலாசாரத்தில் வளர்ந்தவன் நான். ஆண்டுதோறும் வகுப்பில் மணிமேகலையைப் படிப்பிக்கிறேன். தமிழர் பௌத்தராயிருந்த காலத்தைக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் பஸ்ஸில் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இந்தத் தூபிகளை மாணவருக்கு நெடுங்காலம் காட்டியதில்லை. 'அது அவங்கட இடம்' என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்தது. யுத்தம் 2009இல் முடிந்தபின் தெற்கிலிருந்து யாத்திரிகர் பஸ் பஸ்ஸாக வந்திறங்கிக் கும்பிட்டுப் போனபோது, அந்த எண்ணம் இன்னும் இறுகியது. தமிழ் பேசிய பௌத்தர் இங்கு வாழ்ந்திருக்கலாம் என்று பேராசிரியர்கள் எழுதியதை நானே படித்திருந்தும், அவர்களை அயலாருக்குத் தாரைவார்த்துவிட்டேன்.

கடைசியில் ஒருநாள் மாணவரோடு போனேன். தூபிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், வேலிக்கு அப்பால் தோட்டம் கொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்களைக் கூப்பிட்டார்.

"வாத்தியார், ஓடு பாக்க வந்தனீங்களோ? மண்வெட்டி போட்டா இதுதான் வருது."

வரம்போரத்தில் அவர் குவித்து வைத்திருந்த ஓட்டுத் துண்டுகளில் ஒன்றை ஒரு மாணவி எடுத்தாள். உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. துடைத்துப் பார்த்துவிட்டு, "இதிலை சமைச்சவை எந்தச் சமயம், சேர்?" என்றாள்.

முதியவர் சிரித்தார். நான் அந்த ஓட்டை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.