தட்டச்சு மிஷினிலிருந்து இணைய வகுப்புக்கு: ஒரு கரிசல் கணக்கு

கரிசல் பூமியில் மழையை நம்பி ஒரே வெள்ளாமைதான். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தையில் உளுந்தும் பாசியும் வீடு வந்து, பருத்தியும் மிளகாயும் பங்குனிவரை தாங்கினால் அது நல்ல வருஷம். கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்தும் வானம் பார்த்த பூமி வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை. மிச்ச மாதங்களின் வயிற்றுப்பாட்டுக்குக் கோவில்பட்டியில் நூற்பாலையும் தீப்பெட்டி ஆபீஸும் இருந்தன. விளாத்திகுளம் வட்டத்தில் உள்ளடங்கிக் கிடக்கும் புதூர் போன்ற ஊர்களில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு, நிலத்தை விட்டு வெளியேற ஒரு தாள் வேண்டியிருந்தது: சர்டிபிகேட். கைபேசியைத் திறந்தால் வந்து நிற்கும் இணையவழித் தொடக்கநிலைக் கணினிப் பாடம் அந்தத் தாளின் கடைசி வடிவம். புத்தம் புதியதாகத் தோன்றும் இந்தப் பாடத்துக்கு இரண்டு முன்னோர் உண்டு. ஒன்று அஞ்சல்வழிக் கல்வி, மற்றொன்று தட்டச்சுப் பயிலகம். முதலாமவரின் சொத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, இரண்டாமவரின் சொத்தைக் கைகழுவிவிட்டது என்பதே அதன் குறை என்று நான் கருதுகிறேன்.

முதலில் அஞ்சல் வழி. இங்கிலாந்தில் 1840-இல் மலிவுக் கட்டணத் தபால் முறை வந்தது. அதே சமயத்தில் ஐசக் பிட்மேன் தம் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலில் அனுப்பி, மாணவர்கள் எழுதியனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பத் தொடங்கினார். தொலைநிலைக் கல்வியின் வரலாற்றைப் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். அந்தப் பாடம் தத்துவமோ இலக்கியமோ இல்லை, குமாஸ்தாவுக்கான கைத்தொழில் என்பது கவனிக்க வேண்டியது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இலும், மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இந்த வழிக்கு வந்தன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் பிறந்தது. கல்லூரி இருக்கும் ஊரில் தங்கிப் படிக்க வசதியில்லாதவர்களுக்குத் தபால்காரர் கொண்டுவந்த பாடக்கட்டு பெரிய வாசலைத் திறந்தது. ஆனால் அந்தக் கட்டில் வரலாறு வந்தது, வணிகவியல் வந்தது, தமிழ் வந்தது. விரல்கள் பழக வேண்டிய வித்தை மட்டும் உறைக்குள் அடங்கவில்லை. சுருக்கெழுத்துக்குப் பென்சிலும் தாளும் போதும். தட்டச்சுக்கு மிஷின் வேண்டும், அது வீட்டில் இருக்காது.

அந்த இடைவெளியை நிரப்பியது தமிழ்நாட்டுச் சிறுநகரங்களின் தட்டச்சுப் பயிலகம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ரா. முத்தையா தமிழுக்குத் தட்டச்சு மிஷினை அமைத்துக் கொடுத்தார். 1956-இன் ஆட்சிமொழிச் சட்டம் அரசு அலுவலகங்களில் தமிழ்த் தட்டச்சருக்கு இடம் உண்டாக்கியது. அதன் பிறகு ‘இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர்’ என்பது கல்யாணப் பேச்சிலும் சொல்லத்தக்க தகுதியானது. பயிலகம் நடந்த முறை எளிமையானது. ரெமிங்டனோ கோத்ரெஜோ ஃபேசிட்டோ, மிஷின் மாஸ்டருடையது. மாணவர் மாதக் கட்டணம் கட்டி, நாளுக்கு ஒரு மணி நேரம் அதன்முன் பெஞ்சில் உட்காரும் உரிமையை வாங்கினார். ஐந்து மணி ‘பேட்ச்’ எழுந்தால்தான் ஆறு மணி பேட்ச் உட்கார முடியும். ஆகவே நேரம் தவறாமை உபதேசமாக வரவில்லை, பின்னால் நிற்கும் ஆளின் வடிவில் வந்தது. சுண்டுவிரல் சோம்பினால் மாஸ்டர் கண்ணில் பட்டுவிடும். தேர்வை நடத்தியது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. மாஸ்டருக்கு வேண்டிய பையன் என்பதால் வேகம் கூடிவிடாது. சொந்தமில்லாத மிஷின், தப்பாத மணி, பார்த்துத் திருத்தும் ஆள், வெளியார் நடத்தும் தேர்வு என்னும் நான்கும் சேர்ந்ததே அந்த ஏற்பாடு.

கணினி வந்தபோது இந்த நான்கில் முதலில் கழன்றது தேர்வு. என்.ஐ.ஐ.டி. 1981-இலும் ஆப்டெக் 1986-இலும் தொடங்கிய தனியார் பயிற்சி அலை, தொண்ணூறுகளில் சிறுநகரங்களுக்கு இறங்கியது. தட்டச்சு மிஷின்களுக்குப் பக்கத்திலேயே ஒன்றிரண்டு கணினிகள் அமர்ந்தன. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழுக்குப் பொது விசைப்பலகையும் கிடைத்தது. ஆனால் மையத்துக்கு ஒரு ‘டிப்ளமோ’, பெயர்ப்பலகைக்கு ஒரு மதிப்பு என்றானது. சொல்லிக்கொடுத்தவரே மதிப்பெண்ணும் போட்டால் அந்தத் தாளை வேலை கொடுப்பவர் எப்படி நம்புவார்? அரசு அலுவலகத் தட்டச்சர் பணிக்கு ‘சி.ஓ.ஏ.’ எனப்படும் அலுவலகக் கணினிச் சான்றிதழை வைத்தது, பழைய பொதுத்தேர்வின் நம்பகத்தைக் கணினிக்கும் கொண்டுவரும் முயற்சி என்றே கொள்ள வேண்டும். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ‘ஸ்வயம்’ தளம், சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பு ஆகியவை தாளின் மதிப்பை மீட்டன. ஆனால் பெஞ்சும், மணியும், பார்த்துத் திருத்தும் ஆளும் அதோடு திரும்பி வரவில்லை.

கைபேசி எல்லார் கையிலும் இருக்கும்போது பெஞ்சு எதற்கு என்று கேட்கலாம். விளக்கத்தைக் கேட்பதற்குக் கைபேசி போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொடக்கநிலைக் கணினிப் பாடத்தின் உள்ளடக்கமோ வேறு: ஒரு கோப்பைப் பெயரிட்டுச் சேமித்து மறுநாள் தேடி எடுப்பது, அட்டவணையில் கூட்டல் சூத்திரம் போடுவது, கடிதத்தை ஓரம் தப்பாமல் அமைப்பது, பத்து விரலால் அடிப்பது. உள்ளங்கைத் திரையில் இவற்றைப் பார்க்கலாம், பழக முடியாது. நீச்சலைக் கரையிலிருந்து பார்த்தவர் கதைதான். மடிக்கணினியைத்தான் அரசே 2011 முதல் இலவசமாகக் கொடுத்ததே என்பது அடுத்த கேள்வி. அந்தத் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆயினும் அது மாணவருக்கானது. படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவரும், கட்டிக்கொடுத்து வந்த பெண்ணும் அதற்கு வெளியே நின்றார்கள். கிடைத்தவர்களுக்கும் மிஷின்தான் கிடைத்தது, மாஸ்டர் கிடைக்கவில்லை.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தட்டச்சுப் பயிலகம் யோசிக்கத் தேவையில்லாத குமாஸ்தாக்களை வார்த்தது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களின் கூட்டத்தைப் பெருக்கியது, அதைப் போய்ப் புகழலாமா? பாடத்தைப் பொறுத்தவரை இது சரியான குற்றச்சாட்டு. ஒரே வித்தை, ஒரே முதலாளி, அதுவும் அரசு என்றிருந்தால் பணியிடம் குறையும்போது வித்தையும் செத்துப்போகும். நான் மீட்கச் சொல்வது பாடத்தை இல்லை, ஏற்பாட்டை. இணையக் கல்வியின் பெரிய நிறுவனங்களே இடத்தை முழுசாகத் துறக்கவில்லை என்பதற்குச் சான்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் இணையப் பட்டப்படிப்பில் பாடம் திரையில் நடந்தாலும் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல். கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகளை அமைத்து, மாணவரை விடாமல் பிடித்து நிறுத்த ஒரு பொறுப்பாளரையும் வைத்திருக்கிறது. இலவசப் பாடங்களில் சேர்வோரில் பெரும்பாலோர் முடிக்காமல் நழுவுவது உலகமெங்கும் கண்ட அனுபவம். கல்லூரிக்குள் இருக்கும் மாணவருக்கே பிடித்து நிறுத்த ஆள் தேவை என்றால், கல்லூரிக்கு வெளியே புதூரில் தனியாகப் படிப்பவருக்குத் தேவையில்லை என்று சொல்வது எந்த நியாயம்?

செலவு என்ன என்று பார்த்தால் புதிதாகக் கட்ட வேண்டியது அதிகம் இல்லை. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் அவற்றுக்குப் பூட்டு விழுகிறது. பழைய பயிலகத்தில் கூட்டம் சேர்ந்ததோ, பெரும்பாலும் அதற்குப் பிந்தைய நேரத்தில்தான். அந்தப் பூட்டை ஏழு மணிவரை தள்ளிப்போட்டு, ஊரிலேயே பாடம் முடித்த ஒருவருக்குச் சிறு சம்பளம் கொடுத்து உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு மணி என்று பேட்ச் பிரித்தால், ஐ.ஐ.டி.யின் பாடமும் பயிலக மாஸ்டரின் கண்டிப்பும் ஒரே அறையில் சேரும். பாடம் எங்கிருந்தும் வரட்டும். ஆறு மணி பேட்ச் வந்து பின்னால் நின்றால், ஐந்து மணிக்காரர் அன்றைய பயிற்சியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.