ரசிகர்கள் போட்ட பந்தல்

அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் இதழ் அது. அதில் வந்த கதைகளில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் படிப்பதில்லை. படித்தால் பொறுமை வேண்டும். ஆனால் அதன் வாசகர் கடிதப் பகுதி ஒரு காரியம் செய்தது. கடிதம் எழுதியவரின் பெயரோடு அவருடைய முழு முகவரியையும் அச்சிட்டது. கெர்ன்ஸ்பேக் ஏற்கெனவே வானொலிப் பொழுதுபோக்காளர்களுக்கு உதிரிபாகங்கள் விற்றவர், அவர்களுக்குச் சங்கம் வைத்தவர். ஒரே பித்துப் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் தேடுவார்கள் என்பதை வியாபார அனுபவத்தில் கண்டிருந்தார். முகவரி கிடைத்ததும் வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். இன்று லட்சக்கணக்கானோர் கூடும் காமிக் கான் போன்ற ரசிகர் மாநாடுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. அவற்றை உண்டாக்கியது கேளிக்கைத் தொழில் அல்ல, ரசிகர்களின் ஓய்வு நேரம் என்பது என் கருத்து. அந்தத் தொழிலே பல இடங்களில் ரசிகர்களின் ஓய்வு நேரத்திலிருந்து பிறந்திருக்கிறது.

கடிதப் பழக்கம் சீக்கிரமே பத்திரிகையாயிற்று. 1930-இல் சிகாகோவைச் சேர்ந்த கடிதக் குழு ஒன்று ‘தி காமெட்’ என்ற சிற்றிதழைக் கொண்டுவந்தது. ரசிகர்கள் நடத்திய முதல் இதழாகப் பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டென்சில் வெட்டி, கையால் உருளையைச் சுற்றி எடுத்த சைக்ளோஸ்டைல் இதழ்கள் நகரத்துக்கு நகரம் முளைத்தன. ஐம்பது நூறு பிரதிகள், மங்கிய மை, ஏராளமான எழுத்துப்பிழை. கிளீவ்லாந்தில் பள்ளி மாணவர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் இப்படி ஓர் இதழ் நடத்தினார்கள். ‘சூப்பர்மேன்’ என்ற பெயர் தாங்கிய அவர்களுடைய முதல் கதை 1933 ஜனவரியில் அதில்தான் வந்தது. அந்தக் கதையில் அவன் வழுக்கைத் தலை வில்லன். நாமறிந்த நாயகன் 1938-இல்தான் கடைக்கு வந்தான். அதற்கு முன்னரே 1932-இல் நியூயார்க்கில் ‘தி டைம் டிராவலர்’ என்ற ரசிகர் இதழை நடத்தியவர்களில் ஒருவரான ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், பின்னாளில் டி.சி. காமிக்ஸின் ஆசிரியராகி 1956-இல் ‘ஃபிளாஷ்’ பாத்திரத்துக்கு மறுஉயிர் கொடுத்தார். வேலையற்றவர்களின் வீண்பொழுது என்று பெரியவர்கள் சலித்துக்கொண்ட ஒன்று, ஒரு தொழிலுக்கே ஆள் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

என் கருத்துக்கு ஒரு மறுப்பு உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. முகவரியை அச்சிட்டதே இதழ் விற்பனைக்காகத்தானே? 1934-இல் கெர்ன்ஸ்பேக் தன் ‘வொண்டர் ஸ்டோரீஸ்’ இதழ் மூலம் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் லீக்’ என்ற அமைப்பைத் தொடங்கி ஊர்தோறும் கிளை வைக்கச் சொன்னது, சந்தா பிடிக்கும் வேலைதானே? ஆம், அதுதான். ஆனால் அந்த அமைப்புக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். டொனால்டு வோல்ஹைம் என்ற இளைஞருடைய கதையை அந்த இதழில் வெளியிட்டுவிட்டுச் சன்மானம் தராமல் இழுத்தடித்தார்கள். அவர் தன்னைப்போல் ஏமாந்த மற்றவர்களையும் தேடிப் பிடித்துப் பணத்தை வசூலித்தார். நடந்ததை ரசிகர் இதழ்களில் எழுதவும் செய்தார். 1935-இல் லீக் அவரை வெளியேற்றியது. லீக் அதன்பின் அதிக காலம் நிலைக்கவில்லை, வோல்ஹைமோ 1937-இல் ரசிகர் இதழ்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். விதை வியாபாரியுடையதுதான். அறுவடை அவர் கையை விட்டுப் போய்விட்டது.

நேரில் கூடுவதும் இப்படிச் சிறியதாகவே ஆரம்பித்தது. 1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் ரயிலேறி ஃபிலடெல்ஃபியா ரசிகர்களைப் பார்க்கப் போய், ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசி, அதற்கு மாநாடு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், முறையாக அறிவித்து, மண்டபம் பிடித்து ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருவர் பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க். எது முதல் மாநாடு என்று இரு நாட்டு ரசிகர்களும் இன்றுவரை வாதாடுகிறார்கள், வாதாடுவதும் ரசிகர் வாழ்க்கையின் ஒரு பகுதிதானே. இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 1891-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், புல்வர் லிட்டனின் ‘தி கமிங் ரேஸ்’ நாவலை ஒட்டி வேடமணிந்து கூடிய திருவிழா ஒன்று நடந்ததே என்று சிலர் சுட்டிக்காட்டுவார்கள். நடந்தது உண்மை. ஆனால் அது மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஒரு மருத்துவர் நடத்திய விழா. நாவல் அங்கே அலங்காரம், அவ்வளவுதான். விழா முடிந்தது, வழக்கமாக வளரவில்லை.

வழக்கமானது 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு. உலகப் பொருட்காட்சியை ஒட்டி நடந்ததால் ‘உலக’ என்ற அடைமொழி. வந்தது ஏறக்குறைய 200 பேர். பதினெட்டு வயது ரே பிராட்பரி நண்பரிடம் கடன் வாங்கி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பேருந்தில் வந்தார். ஐசக் அசிமோவும் வந்திருந்தார். மர்டில் டக்ளஸ் என்ற பெண் தனக்கும் நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மேனுக்கும் வருங்கால மனிதர்களின் உடை தைத்தார்; இருவரும் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். மறு ஆண்டு சிகாகோவில் மாறுவேடப் போட்டியே வந்துவிட்டது. இன்றைய காஸ்ப்ளேயின் வழி இங்கிருந்து தொடங்குகிறது. பெயரும் புகழும் வெகுகாலம் அக்கர்மேனுக்குத்தான் போயின, தைத்தவருக்கு அல்ல.

அதே நியூயார்க் மாநாட்டின் வாசலில் வோல்ஹைம், ஃபிரடரிக் போல் உள்ளிட்ட ஆறு பேரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். இடதுசாரிகளான அவர்கள் துண்டுப் பிரசுரம் கொடுத்துக் கலகம் செய்வார்கள் என்ற பயம். ரசிகர் கூட்டம் என்றால் சமத்துவ பூமி என்று பாடுபவர்களுக்கு இது போதுமான பதில். கம்பெனிக்காரர் யாரும் அந்தக் கதவை மூடவில்லை, மூடியவர்களும் ரசிகர்களே. என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான், ஆனால் அதைக் கவிழ்க்கவில்லை. ரசிகர்கள் நல்லவர்கள் என்பதல்ல, மாநாடு அவர்களுடையது என்பதே நான் சொல்வது. சொந்த வீட்டில்தான் வாசலை மறிக்கும் சண்டை வரும்.

காமிக்ஸ் ரசிகர்கள் இதே பாதையில் ஒரு தலைமுறை பிந்தி வந்தார்கள். தன் இளமையை மறக்காத ஷ்வார்ட்ஸ், 1960-களின் தொடக்கத்தில் டி.சி. இதழ்களில் கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியை அச்சிட்டார். ரசிகர் இதழ்கள் மீண்டும் பெருகின. 1964-இல் நியூயார்க்கில் ஏறக்குறைய நூறு பேருடன் இளைஞர்கள் ஒரு காமிக்ஸ் மாநாடு நடத்தினார்கள். 1970 ஆகஸ்டில் சான் டியேகோவில் ஒரு விடுதியில் 300 பேர் கூடினார்கள், இன்றைய காமிக் கானின் தொடக்கம் அதுதான்; ஓவியர் ஜாக் கிர்பியோடு பிராட்பரியும் விருந்தினராக வந்தார். 1972-இல் நியூயார்க்கில் முதல் பெரிய ‘ஸ்டார் ட்ரெக்’ மாநாட்டை நடத்தியவர்களில் பலர் பெண்கள். அந்தத் தொலைக்காட்சித் தொடர் நின்று இரண்டரை ஆண்டுகளாகியிருந்தது. சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள்; வந்தது 3,000-க்கும் மேல். செத்துவிட்டது என்று தொலைக்காட்சி நிறுவனம் கணக்கை முடித்த ஒன்றை ரசிகர்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு விளம்பரம் தேடி 1976-இல் ஸ்டூடியோ ஆட்கள் சான் டியேகோவுக்கு வந்தார்கள். தொழில், பந்தல் போட்டு முடிந்த பிறகு வந்த விருந்தாளி.

விருந்தாளி வீட்டுக்காரரான கதை தெரிந்ததே. இன்று சான் டியேகோ காமிக் கானில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். பெரிய மண்டபத்தில் ஆறாயிரத்துக்கும் அதிகமான இருக்கைகள், முன்னோட்டம் பார்க்க இரவெல்லாம் வரிசையில் படுத்துக் கிடக்கிறார்கள். கூட்டம் பெருத்தால் இப்படித்தான் ஆகும், வேறு வழியில்லை என்பது வழக்கமான விளக்கம். எனக்கு இது சரியாகப் படவில்லை, காரணம் டோக்கியோ. 1975-இல் ஒரு மங்கா மாநாடு தன்னை விமர்சித்த ஒருவருக்கு இடம் மறுத்தது. அதற்கு எதிர்வினையாக ஒரு விமர்சகர் குழு அந்த டிசம்பரில் ‘காமிக் மார்க்கெட்’ என்ற சந்தையை நடத்தியது. 32 குழுக்கள், 700 பேர். வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். இங்கே வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை, விற்பவர், வாங்குபவர், ஒழுங்கு செய்பவர் எல்லோரும் பங்கேற்பாளர்களே என்பது அதன் கொள்கை. 2019-இல் அதே சந்தைக்கு நான்கு நாட்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஒழுங்கு செய்தது ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். மேசை போட்டு உட்காருபவர் தான் வரைந்து அச்சிட்டதைத் தானே விற்கிறார். பலருக்கு அச்சுச் செலவுகூடத் தேறுவதில்லை. 1996 முதல் நிறுவனங்களுக்கும் அங்கே இடமுண்டு, ஆனால் தனியாக ஒரு பகுதியில். உலக அறிவியல் புனைகதை மாநாடும் நுழைவுச்சீட்டை உறுப்பினர் சந்தாவாகவே விற்கிறது. அது வழங்கும் ஹியூகோ விருதுக்கும் வருங்கால மாநாட்டு ஊருக்கும் உறுப்பினர்களே வாக்களிக்கிறார்கள். ஆக, கூட்டத்தின் அளவைக் குறை சொல்லிப் பயனில்லை. விதியை எழுதுவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிறுவனங்கள் வந்ததால் ஓவியர்களுக்கு வருமானம், நல்ல மண்டபம், பாதுகாப்பு எல்லாம் கிடைத்தன என்பதை நான் மறுக்கவில்லை. பொழுதுபோக்க வந்தவர் எதற்கு உழைக்க வேண்டும், காசு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவரும் நியாயமாகவே கேட்கிறார். ஆனால் வரலாற்றில் ரசிகரின் இன்பம் பார்ப்பதோடு நின்ற காலம் குறைவு. கடிதம் எழுதுவது, இதழ் தைப்பது, உடை வெட்டுவது, சண்டை போடுவது, எல்லாமே அந்த இன்பத்தில் சேர்த்தி. இந்தியாவில் காமிக் கான் 2011-இல் டெல்லியில் தொடங்கி, 2024 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தது. இங்கே அது வெறுங்காட்டில் இறங்கவில்லை. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் வாசகர்கள், லயன் காமிக்ஸ் வாசகர்களோடு சேர்ந்து ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டிக் கூடி வருகிறார்கள். சென்னையில் அரங்கு அமைப்பவர்கள், அடுத்த முறை பத்து மேசைகளையாவது குறைந்த வாடகையில் இப்படிப்பட்ட வாசகர்களுக்கும், சொந்தமாக வரைந்து அச்சடிக்கும் மாணவர்களுக்கும் ஒதுக்க வேண்டும். ஒதுக்கவில்லையென்றால் வாசகர்கள் கேட்டு வாங்க வேண்டும்.