மஞ்சளுக்கு வரி இல்லை, வட்டிக்குக் கணக்கு உண்டு!

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டை. செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டை அடுக்கியிருக்கும். அன்றைக்கு என்ன விலை போனதோ அதுதான் ஊரில் பலருக்கும் வருமானம். ஆனால் "வருமானம்" என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம் இல்லை என்பது எனக்கு பி.காம். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வருமான வரிக்கு ஒரு அர்த்தம், கல்வி உதவித்தொகைக்கு வேறு அர்த்தம். இரண்டும் எப்படிப் பிரிந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீர்கள் :)

முதலில் வரியின் கதை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலியானதால் 1860-ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தார். அதில் விவசாய வருமானமும் சேர்ந்திருந்தது. 1886 சட்டம் விவசாய வருமானத்துக்கு விலக்கு கொடுத்தது. 1961 சட்டத்தின் 10(1) பிரிவு அதைத் தொடர்ந்தது. ஆகவே மஞ்சள் விற்ற காசுக்கு மத்திய வருமான வரி கிடையாது. அதே காசை வங்கியில் போட்டு வட்டி வாங்கினால், அந்த வட்டி விவசாய வருமானம் ஆகாது. "இதர வருமானம்" என்ற தலைப்பில் போய்விடும்.

அடுத்து உதவித்தொகையின் கதை. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் பள்ளிக்குப் பிறகும் படிக்க உதவும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-ல், வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கியது. அதன் பிற்கால விதிகளில் தந்தை, தாயின் வருமானம் எல்லா வழிகளிலிருந்தும் கணக்கில் வரும். மஞ்சளும் வரும், வட்டியும் வரும். தாத்தா பாட்டி பெயரில் உள்ள வருமானம் பொதுவாக வராது.

வருமானத்தை வைத்துச் சலுகையை அளப்பது தமிழ்நாட்டில் பெரிய அரசியலாகவே ஆனது. 1969-ல் அமைத்த சட்டநாதன் கமிஷன் 1970-ல் அறிக்கை கொடுத்தது. பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை விலக்கச் சொன்னது. சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய், நிலம் உள்ளவருக்கு 10 ஸ்டாண்டர்டு ஏக்கர், வியாபாரிக்கு வரி விதிக்கத்தக்க வருமானம் 9,000 ரூபாய் என்று மூன்று அளவுகோல் வைத்தது. கவனியுங்கள்: விவசாயியை ரூபாயால் அளக்கவில்லை, ஏக்கரால் அளந்தது. அன்றைய அரசு இந்த வரம்பை ஏற்கவில்லை.

1979-ல் எம்.ஜி.ஆர். அரசு 9,000 ரூபாய் வரம்பைக் கொண்டுவந்தது. கடும் எதிர்ப்பு. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. 39-ல் 2 இடங்களில்தான் வென்றது. உடனே வரம்பு போனது, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31-லிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது. தோல்விக்கு இது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாடத்தை எந்தக் கட்சியும் மறக்கவில்லை.

பிறகு 1992-ல் உச்ச நீதிமன்றத்தின் மண்டல் தீர்ப்பு. 1993-ல் மத்திய அரசு "கிரீமி லேயர்" விதிகளை வெளியிட்டது. அதன் வருமானச் சோதனையில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. மற்ற வருமானங்கள்தான் கணக்கு. அதாவது வட்டி உள்ளே, மஞ்சள் வெளியே. உதவித்தொகைக்கோ இரண்டுமே உள்ளே! ஒரே அப்பா, ஒரே பாஸ்புக், மூன்று விதமான வருமானம்.

இப்போது கணக்கு. 2013-ல் போஸ்ட் மெட்ரிக் வரம்பு 2.5 லட்சம் ஆனது. 2021-ல் வந்த புதிய விதிகளிலும் அதே 2.5 லட்சம். ஒரு குடும்பத்துக்கு மஞ்சளில் ஆண்டுக்கு 2 லட்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகள் படிப்புக்கென்று துண்டு நிலத்தை விற்று 8 லட்சத்தை வங்கியில் போடுகிறார்கள். 7 சதவீதம் என்றால் வட்டி 56,000. மொத்தம் 2,56,000. வருமான வரி? ஒரு பைசா இல்லை. உதவித்தொகை? அதுவும் இல்லை. படிப்புக்காகச் சேர்த்த பணமே படிப்புக்கான உதவியை நிறுத்திவிட்டது.

அதே 8 லட்சத்தை நிலமாகவோ நகையாகவோ வைத்திருந்தால் வட்டி இல்லை, வரம்பும் தாண்டாது. எங்கள் பக்கம் பெரியவர்கள் "பேங்குல போடாதே, நகை வாங்கு" என்று சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2013-ல் வருமான வரி விலக்கு வரம்பு 2 லட்சம், உதவித்தொகை வரம்பு 2.5 லட்சம். கிட்டத்தட்ட ஒன்றுதான். 2025 பட்ஜெட்டிலோ புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். 12 லட்சம் வாங்குபவரை வரி கேட்காமல் விடும் அரசு, 2,56,000 வாங்குபவரின் மகளை வசதியானவள் என்கிறது.

அமெரிக்காவிலும் கல்லூரி உதவிக்கு வட்டி, டிவிடெண்டு எல்லாம் பார்க்கிறார்கள். சேமிப்பையும் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே வருமானம் ஏற ஏற உதவி படிப்படியாகக் குறையும். நம்முடையது சரிவு இல்லை, கிணறு. ஒரு ரூபாய் தாண்டினால் நேரே கீழே!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே 2010-ல் வந்த முதல் பட்டதாரி சலுகை, வருமானத்தைக் கேட்கவில்லை. வீட்டில் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டது. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன், இரண்டும் அரசுப் பள்ளியில் படித்தாயா என்று கேட்டன. இவற்றிலும் விடுபடுபவர்கள் உண்டு. ஆனால் சேமித்ததற்காக யாரும் விடுபடுவதில்லை.

வருமான வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோடீஸ்வரர் வீட்டுக்கு உதவித்தொகை போகக்கூடாது, சரிதான். ஆனால் வரம்பு விலைவாசியோடு ஏற வேண்டும், கிணறு சரிவாக மாற வேண்டும், பிள்ளை படிப்புக்குப் போட்ட பணத்தின் வட்டிக்காவது விலக்கு வேண்டும். 1886-ல் மஞ்சளுக்குக் கொடுத்த விலக்கை அந்த வட்டிக்கும் கொடுத்தால் என்ன?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?