பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒளிதலும் மறைப்பும்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, கதைமாந்தராகவே பேசி ஆடுபவை பாத்திரமேற்பு விளையாட்டுகள். அவற்றில் ஒருவர் எதிரியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் இருக்கிறாரா என்பதைத் தீர்மானிப்பவை ஒளிதல் விதிகள். சுவர், தூண், மூட்டை போன்ற தடுப்புக்குப் பின்னால் நிற்பவர்மீது அம்பு படுவது எவ்வளவு கடினம் என்று சொல்பவை மறைப்பு விதிகள். ஒளிந்திருப்பவர் எங்கே என்று எதிரிக்குத் தெரியாது. மறைப்பில் நிற்பவர் இருக்குமிடம் நன்றாகத் தெரியும், தாக்குவதுதான் சிரமம். இந்த வேறுபாடு குழம்பும்போதெல்லாம் ஆட்டத்தில் வாக்குவாதம் எழுந்திருக்கிறது.

இவ்விதிகளின் வேர் பிரஷ்ய ராணுவத்தின் போர்ப் பயிற்சியான கிரீக்ஸ்ஷ்பீலில் இருக்கிறது. தந்தை தொடங்கிய முயற்சியைச் செப்பனிட்டு, 1824-இல் விதிநூலாக வெளியிட்டவர் இளைய ரைஸ்விட்ஸ். 1:8000 அளவுள்ள நிலப்படத்தில் இரு தரப்பும் ஆடும். கட்டளைகள் நடுவர் கைக்குப் போகும். எதிரியின் பார்வைக்கு உட்பட்ட படைகளை மட்டுமே நடுவர் படத்தில் வைப்பார். குன்றுக்குப் பின்னால் நிற்கும் குதிரைப்படை அவர் மனத்திலும் குறிப்பிலும் மட்டுமே இருக்கும். 1876-இல் ஃபெர்டி து வெர்னுவா ஒருபடி மேலே போய், பகடையையும் அட்டவணைகளையும் ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். 1899-இல் ஹென்றி மைக்கேல் டெம்பிள், எதிரியின் படையை மறைத்துவைக்கும் இந்தக் கருத்தைச் சதுரங்கத்துக்குக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொருவருக்கும் தம் காய்கள் மட்டுமே தெரியும். முழுப் பலகையும் நடுவருக்கு மட்டும்.

நடுவரே இல்லாமல் மறைவை நடத்தும் வழியும் உண்டு. காக்கநாட்டிலோ மட்டாஞ்சேரியிலோ சீட்டாடிப் பழகியவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். கேரளத்தின் இருபத்தெட்டு ஆட்டத்தில், ஏலம் எடுத்தவர் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் கேட்டால்தான் அது திறக்கப்படும். கேட்டவர் கையில் துருப்பு இருந்தால் அதைப் போட்டே தீர வேண்டும். இலங்கையிலும் தமிழகத்திலும் ஆடப்படும் 304-இல் துருப்பை மூடிவைத்து ஆடும்போது மறைவு இன்னும் ஆழமானது. இனம் இல்லாதவர் தம் சீட்டையும் கவிழ்த்தே போடுவார். சுற்று முடிந்ததும் துருப்பு வைத்தவர் மட்டும் அதைப் புரட்டிப் பார்ப்பார். துருப்பாக இருந்தால் எல்லாருக்கும் காட்டுவார், இல்லாவிட்டால் மறுபடி கவிழ்த்துவிடுவார். எது மறைந்திருக்கிறது, யாரிடமிருந்து, எந்தச் செயலால் வெளிப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஆட்டங்களில் ஐயமற்ற விடை உண்டு. பாத்திரமேற்பு விளையாட்டுகள் அந்தத் தெளிவை எட்ட இன்றுவரை பாடுபடுகின்றன.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒளிவதற்குத் தனி விதி கிடையாது. “தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறேன்” என்று ஆட்டக்காரர் சொல்வார். காவலன் பார்த்தானா என்று ஆட்டத்தை நடத்துபவர் முடிவு செய்வார். கிரீக்ஸ்ஷ்பீல் நடுவரின் வழிதான் அது. 1975-இல் வந்த கிரேஹாக் என்னும் துணைநூல் திருடன் என்ற பாத்திர வகையைச் சேர்த்தது. நிழலில் ஒளிதலும் சத்தமின்றி நடத்தலும் சதவீதக் கணக்காயின. 1978-இன் விதிநூலில் முதல்நிலைத் திருடன் நிழலில் ஒளிய 10 சதவீத வாய்ப்பு, சத்தமின்றி நடக்க 15 சதவீதம். இதிலிருந்து தொடங்கிய சிக்கல் பெரிது. நேற்றுவரை எல்லாரும் தூணுக்குப் பின்னால் நின்றார்கள். இன்று திருடனுக்கே 10 சதவீதம் என்றால் மற்றவர்களுக்கு என்ன? எல்லாரும் சாதாரணமாக ஒளியலாம், வெறும் நிழலுக்குள் கரைந்துபோவது மட்டுமே திருடனின் தனித்திறன் என்று சிலர் வாசித்தார்கள். விதியில் பெயர் இல்லாதவருக்கு வாய்ப்பே இல்லை என்று வேறு சிலர் வாசித்தார்கள். முதல் வாசிப்பே ஆட்டத்துக்கு உயிர் தருவது. இரண்டாவதில் திருடனும் வாழவில்லை, மற்றவர்களும் வாழவில்லை.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒளிதலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஒளிபவரின் பகடையும் தேடுபவரின் பகடையும் நேருக்கு நேர் மோதின. மறைப்புக்குக் கால், அரை, முக்கால், பத்தில் ஒன்பது என்று படிநிலைகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு கொடுத்தது. யாரும் மேசையில் அளவுகோல் வைத்து ஆட விரும்பவில்லை போலும், 2003-இன் திருத்தம் அதை ஒரே +4 ஆக்கியது. நான்காம் பதிப்பின் (2008) ஒளிதல் விதியைத் திருத்த வேண்டிவந்தது; திருத்திய வடிவம் 2009-இல் அடுத்த நூலில் மறுபடி அச்சானது.

ஐந்தாம் பதிப்பின் (2014) நடைமுறையை மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்கு ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். மார்பளவு அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் திருடி ஒருத்தி குனிகிறாள். இருபது முகப் பகடையில் 11 விழுகிறது, அவள் திறமை 7, மொத்தம் 18. வாசலில் நிற்கும் காவலனின் இயல்பான கவன மதிப்பு 12. ஆகவே அவள் ஒளிந்துவிட்டாள். அங்கிருந்து கத்தி வீசினால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கத்தி பட்டாலும் படாவிட்டாலும் அவள் இருக்குமிடம் தெரிந்துவிடும். இனி மூட்டைகள் வெறும் அரை மறைப்புதான். அவளைத் தாக்குவதை இரண்டு புள்ளி கடினமாக்கும், முக்கால் மறைப்பானால் ஐந்து புள்ளி. மூட்டைக்கு வெளியே வந்து காவலனை நோக்கி நடந்தால் பொதுவாக அவன் பார்த்துவிடுவான். அவன் வேறெங்கோ கவனமாக இருந்தால் நடத்துபவர் விட்டுக்கொடுக்கலாம்.

பாத்ஃபைண்டர் என்னும் மற்றொரு பாத்திரமேற்பு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு (2019) வேறு பாதையில் போனது. பார்க்கப்பட்டவர், இருக்குமிடம் தெரிந்தும் கண்ணுக்குப் படாதவர், இருக்கிறார் என்பது தெரிந்தும் இடம் தெரியாதவர், இருப்பதே தெரியாதவர் என்று நான்கு நிலைகளை வகுத்தது. நிலை ஒவ்வோர் எதிரிக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். ஒரே மூட்டைக்குப் பின்னால் இருப்பவள் வாசல் காவலனுக்கு மறைந்தும், உத்தரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்தும் இருக்கலாம். “யாரிடமிருந்து” என்ற கேள்வியை இவ்வளவு நேர்மையாக எதிர்கொண்ட விதி அரிது.

2024-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மீண்டும் திருத்தப்பட்டது. எதிரியின் பார்வைக் கோட்டுக்கு வெளியே, அடர்ந்த இருளிலோ முக்கால் அல்லது முழு மறைப்பிலோ இருந்து 15-ஐ எட்டினால், ஒளிந்தவருக்கு மந்திரத்தால் மாயமானவருக்குக் கிடைக்கும் அதே நிலை கிடைக்கிறது. முணுமுணுப்பைவிட உரக்கச் சத்தமிட்டாலோ, தாக்கினாலோ, வாய்விட்டு மந்திரம் சொன்னாலோ, எதிரி கண்டுபிடித்தாலோ அது முடியும். “கண்டுபிடித்தல்” என்பது பகடை உருட்டித் தேடுவது மட்டுமா? அப்படியானால் கிடங்கின் திருடி காவலனின் மூக்குக்கு முன்னால் நடந்துபோகலாம். கண்ணெதிரே வருபவளைக் காண்பதும் கண்டுபிடித்தலே என்பது மறுதரப்பு, அதுவே பொருந்துகிறது. ஏனெனில், ஒளிவதற்கு ஏற்ற சூழல் எது என்பதை ஆட்டத்தை நடத்துபவரே தீர்மானிப்பார் என்ற வரி அதே நூலில் இருக்கிறது.