கான்ஸ்பிரசி

தமிழில் ‘சதி’ என வழங்கும் ஆங்கிலச் சட்டச்சொல். இதன் லத்தீன் மூலத்துக்குச் ‘சேர்ந்து மூச்சுவிடுதல்’ என்று பொருள். தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுப்பதை அது குறிக்கும் என்பர் சிலர். ஒத்திசைவே முதற்பொருள் என்பர் வேறு சிலர். இன்று சதியைக் குறிக்கும் ‘சூழ்ச்சி’யும் திருக்குறளில் ஆராய்ந்து எண்ணுதல் என்ற நல்ல பொருளிலேயே வருகிறது.

இங்கிலாந்தில் 1305ஆம் ஆண்டு ஆணை, பொய்வழக்குத் தொடுக்கக் கூட்டுச் சேர்வதையே இச்சொல்லால் குறித்தது. 1611இல் கோழி வியாபாரிகள் சிலர் ஒருவர்மீது பொய்யாகக் கொள்ளைப் பழி சுமத்தினர். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. ஆயினும் வியாபாரிகள் கூடி முடிவெடுத்ததே குற்றம் என்று தீர்ப்பாயிற்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சதிக்கான 120ஏ, 120பி பிரிவுகள் 1913இல் சேர்க்கப்பட்டன. 1929இன் மீரட் வழக்கும் ‘சதி வழக்கு’ என்றே அறியப்பட்டது.

தமிழ்நாட்டில் விரிவாகப் பதிவான சதி வழக்கு ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. 1991 மே 21 இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். படமெடுக்கச் சதிக்காரர்கள் ஏற்பாடு செய்திருந்தவரும் மாண்டார். அவருடைய கேமரா மட்டும் சிதையாமல் கிடந்தது. கொலையாளி சந்தன மாலையுடன் காத்து நிற்பது அந்தப் படச்சுருளில் இருந்தது. சாட்சிக்காக அல்ல, தங்கள் வெற்றியைக் காட்டவே எடுக்கப்பட்ட படங்கள் அவை. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு அவையே முதல் பிடி. குற்றஞ்சாட்டப்பட்ட 41 பேரில் 12 பேர் முன்பே இறந்துவிட்டனர்; 3 பேர் தலைமறைவு. எஞ்சிய 26 பேருக்கும் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 1998 ஜனவரி 28இல் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரைக் கொலைச்சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. குற்றவாளியோடு பழகியதோ அவருக்கு இடம் கொடுத்ததோ மட்டும் சதியாகாது, உடன்பாடு வேண்டும் என்பது இத்தீர்ப்பின் சாரம். நால்வரில் ஒருவரான பெண்ணின் தூக்கில் மட்டும் நீதிபதி கே.டி. தாமஸ் மாறுபட்டு, ஆயுளே போதும் என்றார்.

சதி எவ்வளவு தூரம் விரிந்தது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. இக்கொலைச் சதியை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி 1998இல் அமைந்த பல்துறைக் கண்காணிப்பு முகமை 2022இல் கலைக்கப்பட்டது. சிறையில் எஞ்சியிருந்தவர்கள் அதே ஆண்டு விடுதலையாயினர். 2024 ஜூலை 1 முதல் சதிக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 61ஆம் பிரிவில் அடங்குகிறது.