அன்னாள் சத்தியநாதன் அம்மையார்: ஒரு தாயும் அவர் வழிவந்த ஊழியக் குடும்பமும்

திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதி இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1910-ஆம் ஆண்டு வரை அது திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது. ஆகவேதான் மிஷன் வரலாற்று ஏடுகளில் அது 'வடதிருநெல்வேலி' என்றே குறிக்கப்படுகிறது. மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கரிசல் காடும் கொண்ட இப்பகுதி வைணவப் பக்தியில் ஊறியது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊர் திருவில்லிபுத்தூர். அதனை அடுத்துள்ள திருவண்ணாமலை என்னும் சிற்றூரிலும் குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டுள்ளார். பன்னிரு ஆழ்வார்களுள் ஒரே பெண்ணாகிய ஆண்டாளின் பெயரை இந்த மண் ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மறவாமல் வைத்திருக்கிறது.

இதே மண்ணில் கடந்த 170 ஆண்டுகளாக வேரூன்றி வளர்ந்த திருச்சபையின் வரலாற்றை நாம் புரட்டிப் பார்க்கும்போது ஒரு குறை நம் கண்ணில் படுகிறது. மிஷனெரிகளின் பெயர்கள் உள்ளன. குருமார், உபதேசிமாரின் பெயர்களும் உள்ளன. அவர்களைப் பெற்று வளர்த்த தாய்மாரின் பெயர்களோ பெரும்பாலும் இல்லை. அப்படியிருந்தும் பெயரோடு நமக்குக் கிடைத்துள்ள ஒரு தாயின் குடும்ப வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். அவர் அன்னாள் சத்தியநாதன் அம்மையார். வடதிருநெல்வேலிப் பணியில் ஈடுபட்டிருந்த ஒரு தமிழ் ஊழியரின் மனைவியாக இருந்து, பின்னர் சென்னையில் பெண்கள் ஊழியத்துக்கு வழிகாட்டியாய் விளங்கியவர்.

பிறந்த வீடு

அன்னாள் அம்மையாரின் குடும்ப வரலாறு தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706-ஆம் ஆண்டு சீகன்பால்கு வந்திறங்கிய அந்தக் கடற்கரையில் தோன்றிய சபையே அவர் தந்தையாகிய ஜான் தேவசகாயம் ஐயரை உருவாக்கியது. அங்குப் பள்ளிகளைப் பெருக்கிய ஜெர்மானிய மிஷனெரியாகிய கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் அவர்களின் பராமரிப்பில் கல்வி பயின்ற தேவசகாயம், பின்னர் சி.எம்.எஸ். மிஷனில் சேர்ந்து தொண்டாற்றினார். 1830-இல் உதவிகுருவாகவும் 1836-இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். தென்னிந்தியாவில் சி.எம்.எஸ். சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. திருநெல்வேலியின் தென்பகுதியிலுள்ள கடாட்சபுரத்தில் நெடுங்காலம் சபையை மேய்த்து, 1864-இல் மறைந்தார்.

இந்த அளவுக்குச் சபை வரலாற்று நூல்கள் யாவும் கூறுகின்றன. ஆனால் கடாட்சபுரத்துக் குருமனையில் இன்னொரு பணியும் நடந்துகொண்டிருந்தது. பெண்பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவதே அரிதாக இருந்த அந்நாளில், தேவசகாயம் ஐயரின் மனைவியார் பெண்பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்துவந்தார். அன்னாள் அம்மையார் கல்வி பெற்றதும், கற்பிக்கும் கலையைப் பழகியதும் இத்தாயின் நிழலில்தான். அவருடைய சகோதரர் யேசுதாசன் ஜான் தந்தையைப் பின்பற்றிக் குருவானார். மகளுக்கோ அக்காலத்துத் திருச்சபையில் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. தாயிடம் கற்ற தொழில் ஒன்றே அவருக்குக் கிடைத்த சொத்து.

புகுந்த வீடு

அன்னாள் அம்மையாரின் கணவர் வில்லியம் தாமஸ் சத்தியநாதன் திருநெல்வேலியைச் சேர்ந்த சிந்துபூந்துறையில் பிறந்தவர். அவருடைய இயற்பெயர் திருவேங்கடம். அப்பெயரே அவர் பிறந்த வைணவக் குடும்பத்தின் பக்தியை நமக்கு உணர்த்துகிறது. பாளையங்கோட்டையில் கண்பார்வையற்ற தலைமையாசிரியராகிய குருக்ஷாங்ஸ் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் பயிலும்போது கிறிஸ்துவை அறிந்து, 1847-இல் திருமுழுக்குப் பெற்றார்.

இத்திருமணத்தை நாம் சாதாரண நிகழ்ச்சியாக எண்ணிவிடலாகாது. மணமகள் தலைமுறை தலைமுறையாய் வந்த கிறிஸ்தவ வீட்டினர். மணமகனோ தம் வீட்டைவிட்டுப் புதிதாய் வந்தவர். புதிதாய் வந்தவருக்கு விசுவாசம் உண்டு, குடும்பம் இல்லை. குடும்ப செபமும் பிள்ளை வளர்ப்பும் திருநாள் ஒழுங்கும் கிறிஸ்தவ முறையில் எவ்வாறு அமையவேண்டும் என்பதை அவர் பார்த்துப் பழகவில்லை. அவற்றையெல்லாம் அவருக்கு ஈந்தவர் மனைவியே என்று நாம் துணிந்து கூறலாம். மதமாறிய ஒருவர் சபையில் நிலைத்து நிற்பதற்கு உபதேசம் மட்டும் போதாது, ஒரு வீடும் வேண்டும். இவ்வுண்மையை நம் நற்செய்திப் பணி வரலாறு இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

கூடாரங்களும் மூடிய கதவுகளும்

1854-ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சிறந்து விளங்கிய தாமஸ் கஜெத்தான் இராக்லாந்து, டேவிட் பென், ராபர்ட் மெடோஸ் ஆகிய இருவருடன் வடதிருநெல்வேலியில் 'ஊர்சுற்றி நற்செய்தி அறிவிக்கும் பணி'யைத் தொடங்கினார். மாளிகை கட்டி ஓரிடத்தில் அமரும் வழக்கத்தை அவர்கள் விட்டனர். கூடாரத்தில் தங்கி ஊர் ஊராய்ச் சென்றனர். தென்பகுதிச் சபைகளினின்று உபதேசிமார் முறைவைத்து வந்து அவர்களோடு உழைத்தனர். தமிழ் ஊழியராகிய சத்தியநாதனும் இப்பணியில் பங்குகொண்டார். இராக்லாந்து 1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியில் உயிர்நீத்தார். பின்னாளில் சிவகாசிக்கு அருகே சாட்சியாபுரம் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பும் பள்ளிகளும் எழுந்தமைக்கு இக்கூடாரப் பணியே வித்திட்டது.

இப்பணியின் தியாகத்தை நாம் எவ்வளவு போற்றினாலும் தகும். எனினும் அதன் எல்லையையும் காணவேண்டும். கூடாரத்தில் வாழ்ந்தோர் ஆண்கள். அவர்கள் பேசிய இடங்கள் சந்தையும் சாவடியும் ஊர்ப்பொது மரத்தடியும் ஆகும். அவ்விடங்களில் கூடிக் கேட்டவர்களும் பெரும்பாலும் ஆண்களே. ஒரு ஊரின் பாதிப்பேர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தனர். அக்கதவைத் தட்டும் உரிமை எந்த ஆண் போதகருக்கும் இல்லை. கணவன் நற்செய்தியை ஏற்க விரும்பினாலும், மனைவியும் தாயும் அதனை அறியாதிருக்கையில், திருமுழுக்கு என்பது குடும்பம் பிளவுறுவதற்கு வழியாயிற்று. திருவேங்கடமாய்ப் பிறந்து சத்தியநாதனான அவருக்கு இதன் வேதனை தெரியாததன்று.

சென்னையில் ஒரு குருமனை

1860-களில் சத்தியநாதன் ஐயர் சென்னைக்கு அனுப்பப்பட்டு, சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவாகப் பொறுப்பேற்றார். வடதிருநெல்வேலியில் எவரும் திறக்க இயலாதிருந்த கதவுகளை அன்னாள் அம்மையார் இங்கே தட்டத் தொடங்கினார். உயர்சாதி இந்துக் குடும்பங்களில் பெண்பிள்ளைகள் இளவயதிலேயே மணம்செய்து கொடுக்கப்பட்டனர். பள்ளிக்குச் சென்ற சிலரும் பத்து வயதை எட்டுமுன் நிறுத்தப்பட்டனர். அப்பெண்களின் வீடு தேடிச் சென்று எழுத்தும் தையலும் திருமறைக் கதைகளும் கற்பித்ததே 'செனானா ஊழியம்' எனப்பட்டது. அன்னாள் அம்மையார் வீடுகளைச் சந்தித்ததோடு, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் நடத்தினார். வேதாகம ஸ்திரீகளைப் பயிற்றி அனுப்பினார்.

இவ்வூழியத்தை மேனாட்டு மாதர் தொடங்கினர் என்றே பொதுவாக எழுதப்படுகிறது. செனானா மிஷனெரி சங்கம் இங்கிலாந்தில் 1880-இல் நிறுவப்பட்டது என்பதையும், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்க் குருவின் மனைவி சென்னைத் தெருக்களில் இவ்வேலையை நடத்திவந்தார் என்பதையும் நாம் சேர்த்து நோக்கவேண்டும். 1878-இல் அவர் கணவருடன் இங்கிலாந்து சென்றபோது, தாம் கண்டறிந்த ஒரு பணியின் அனுபவத்தை உடன்கொண்டு சென்றார்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவர் தமிழில் எழுதிய 'நல்ல தாய்' என்னும் நூலும் குறிப்பிடத்தக்கது. தாய்மை என்பது இயல்பாய் வந்துவிடுவது என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், அது கற்கவும் கற்பிக்கவும் தக்க ஓர் ஊழியம் என அவர் கண்டார். அவர் 1890-இலும் கணவர் 1892-இலும் மறைந்தனர்.

மகனும் மருமக்களும்

திருமறையின் அன்னாளைப் போலவே இந்த அன்னாளுக்கும் சாமுவேல் என்றொரு மகன் இருந்தார். 1860-இல் பிறந்த சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். 1906-இல் ஜப்பான் நாட்டில் யோகோகாமா நகரில் காலமானார்.

அகமதுநகரில் பிராமணக் குலத்தினின்று கிறிஸ்தவரான பெற்றோருக்கு 1862-இல் பிறந்த கிருபாபாய், சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்க வந்தபோது சத்தியநாதன் ஐயரின் இல்லத்தில் தங்கினார். உடல்நலக் குறைவால் மருத்துவக் கல்வி தடைப்பட்டது. 1881-இல் சாமுவேலை மணந்து உதகமண்டலம் சென்றவர், அங்கே இஸ்லாமியப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். மாமியார் சென்னையில் செய்ததை மருமகள் மலைநகரில் செய்தார் எனலாம். 'சகுணா', 'கமலா' என்னும் இரு புதினங்களை ஆங்கிலத்தில் எழுதினார். தம் ஒரே குழந்தையை ஓராண்டு நிறையுமுன் இழந்த அவர், 1894-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அவர் ஈன்ற பிள்ளை பிழைக்கவில்லை. ஆயினும் அவர் எழுத்து, பின்வந்த இந்தியப் பெண்களுக்குத் தாயாக நின்றது.

சாமுவேல் இரண்டாவதாக மணந்த கமலா, ஆந்திர நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தினர். சென்னை மாகாணத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற முதற்பெண் இவரே என்பர். 1901-இல் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் இதழைத் தொடங்கினார். வங்காளத்து ரொக்கையா அம்மையாரின் புகழ்பெற்ற கற்பனைக்கதை 1905-இல் இவ்விதழில்தான் வெளிவந்தது. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியப் பெண்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஏழு பேரே எழுத்தறிந்தவர் என்பதை நினைத்தால், இம்முயற்சியின் துணிவு விளங்கும். கணவரை இளவயதில் இழந்தபின் பிள்ளைகளைத் தாமே வளர்த்தெடுத்தார். அவர் வாழ்க்கை வரலாற்றை 1956-இல் எழுதி வெளியிட்டவர் அவர் மகள் பத்மினி சென்குப்தா.

மறுபுறம் மகள் வழியிலும் ஊழியம் தொடர்ந்தது. மருமகன் வில்லியம் தேவபிரியம் கிளார்க் ஐயர் சீயோன் ஆலயத்தில் மாமனாருக்குப்பின் குருவாயிருந்தார். அவ்வழியில் வந்த சுந்தர் கிளார்க் 1974 முதல் 1989 வரை சென்னைப் பேராயராகப் பணியாற்றினார்.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

பவுல் அடிகளார் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயரிட்டு நினைவுகூர்கிறார். மத்தேயு எழுதிய வம்சவரலாறும் தாமார், ராகாப், ரூத் ஆகியோரை விட்டுவிடவில்லை. பெண்களின் பெயரைச் சொல்லுதல் திருமறைக்குப் புதிதன்று. நம் சபை வரலாறுகளுக்கே அது புதிதாயிருக்கிறது.

எனினும் அன்னாள் அம்மையாரைப் போற்றுவதோடு நின்றுவிட்டால், மற்றோர் அநீதிக்கு நாம் உடந்தையாவோம். அவர் பெயர் ஏன் நமக்குக் கிடைத்தது? தந்தை குரு, கணவர் குரு, மகன் பேராசிரியர். அக்குடும்பத்தில் எழுதுவோர் இருந்தனர். எழுதியதை அச்சிடும் வசதியும் இருந்தது. செனானா ஊழியம் நாடிச் சென்றதும் பெரும்பாலும் உயர்சாதி வீடுகளையே. வடதிருநெல்வேலிச் சபைகளைத் தாங்கி நின்ற பெண்களோ பெரும்பாலும் வயலிலும் பனங்காட்டிலும் உழைத்தவர்கள். பின்னாளில் தீப்பெட்டித் தொழிலும் நூற்பாலையும் இப்பகுதிக்கு வந்தபோது அங்கே கூலிக்குச் சென்றவர்களும் அவர்களே. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் செபித்தவர்கள், கணவன் சாதிக்கட்டுக்கு அஞ்சிப் பின்வாங்கியபோதும் பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பியவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி எவரும் நூல் எழுதவில்லை. பதிவேடுகளில் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்ற அளவிலேயே அவர்கள் நிற்கின்றனர்.

2013-இல் தென்னிந்தியத் திருச்சபை புஷ்பலலிதா அம்மையாரை நந்தியால் பேராயராக அபிஷேகம் செய்தது. கடாட்சபுரத்துக் குருமனையில் தேவசகாயம் ஐயரின் மகனுக்குத் திறந்ததும் மகளுக்குத் திறக்காததுமான அபிஷேகத்தின் கதவு, பிற்காலத்தில் பெண்களுக்கும் திறந்தது. இதற்காக நாம் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆயினும் வருங்காலத்துக்குக் கதவு திறந்ததனால் கடந்த காலத்துக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடவில்லை.

ஆகவே குருமாருக்கும் இறையியல் மாணவருக்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். நம் சபைகள் நூற்றாண்டு விழா மலர்கள் வெளியிடுகின்றன. அவற்றில் பணியாற்றிய குருமாரின் பட்டியலும் ஆலயம் கட்ட நன்கொடை அளித்தோரின் பட்டியலும் தவறாமல் இடம்பெறுகின்றன. இனி அச்சேறும் ஒவ்வொரு மலரிலும், அச்சபையின் முதல் மூன்று தலைமுறைத் தாய்மாரின் பெயர்கள் இடம்பெறட்டும். திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் பல பெயர்கள் வெளிப்படும். எஞ்சியவை முதிய பெண்களின் நினைவில் உள்ளன. விடுமுறைக்கு ஊர் செல்லும் இறையியல் மாணவர் ஒருவர், தம் பாட்டியிடமும் அண்டை வீட்டு முதியவர்களிடமும் அமர்ந்து கேட்டு எழுதினால் இவ்வேலை தொடங்கிவிடும். அந்த முதியோர் நம்மைவிட்டுக் கடந்து செல்லுமுன் இதனைச் செய்தல் வேண்டும்.